கடல்தண்ணீர் பம்ப்பில் இறுகிய இம்பெல்லர்: ஷாஃப்ட்டைக் கெடுக்காமல் எப்படிக் கழற்றுவது?

அக்கரைப்பேட்டை இளையவன் கேட்டது:

எங்களுடையது நாகப்பட்டினத்தில் கட்டியிருக்கும் மர விசைப்படகு. ஆறு சிலிண்டர் டீசல் எஞ்சின். ஏப்ரல் 15-ல் தடைக்காலம் தொடங்கியதிலிருந்து எஞ்சின் பக்கம் யாரும் போகவில்லை. ஜூன் 14 நள்ளிரவோடு தடை முடிகிறது. அதற்குள் படகு தயாராக வேண்டும். நேற்று ஸ்டார்ட் செய்து பார்த்தோம். எஞ்சின் உடனே பிடித்துக்கொண்டது. ஆனால் பக்கவாட்டுக் குழாயில் தண்ணீர் ஒரு சொட்டுக்கூட விழவில்லை. அணைத்துவிட்டோம்.

எஞ்சினைக் குளிர்விக்கக் கடல்தண்ணீரை இழுக்கும் பம்ப்பின் மூடியைக் கழற்றினேன். ஆறு ஸ்க்ரூவில் ஒன்றின் தலை முறிந்துவிட்டது, மற்றவை வந்துவிட்டன. உள்ளே சுற்றும் இம்பெல்லரின் ரப்பர் இறக்கைகளில் இரண்டு அடியில் கிழிந்து தொங்குகின்றன. ஒன்றைக் காணவே காணோம். நடுவிலுள்ள பித்தளை புஷ் ஷாஃப்ட்டோடு பச்சைக் களிம்பேறி ஒன்றாகிக் கிடக்கிறது. இரண்டு திருப்புளிகளை எதிரெதிரே செருகி நெம்பினேன். அசையவில்லை. பம்ப் உடம்பின் விளிம்பு நசுங்கிவிடும் போலிருந்ததால் விட்டுவிட்டேன்.

லேத்காரர் பம்ப்பையே மாற்றச் சொல்கிறார். புது பம்ப்பின் விலையைக் கேட்ட அப்பா பேச்சை மாற்றிவிட்டார். இம்பெல்லரை மட்டும் கழற்றிப் புதிதாகப் போட வழி உண்டா?

தூத்துக்குடி டிரைவர் எழுதியது:

கேஸ் டார்ச்சின் தீயை அந்த பித்தளை புஷ் மேல் இரண்டு நிமிடம் காட்டுங்கள். பித்தளை எஃகைவிட அதிகமாக விரியும், தானாக இளகும். ரப்பர் கருகினால் என்ன, எப்படியும் தூக்கிப் போடப்போவதுதானே. நாங்கள் இங்கே அப்படித்தான் செய்கிறோம்.

காசிமேடு பழைய பட்டறை எழுதியது:

தம்பி, முதலில் அந்தத் திருப்புளிகளைப் பெட்டியில் போட்டு மூடு. பம்ப் உடம்பின் முகப்பு ஒரு மயிரிழை நசுங்கினாலும் மூடி சரியாக உட்காராது. பிறகு அங்கே காற்றை இழுத்துக்கொண்டு பம்ப் தண்ணீரைத் தூக்காமல் அடம்பிடிக்கும்.

தூத்துக்குடி அண்ணன் சொல்வதில் பாதி சரி. பித்தளை விரியும் என்பது உண்மை. ஆனால் புஷ்ஷுக்குப் பின்னால் விரல் அகலத்தில் தண்ணீர் சீல் இருக்கிறது, அதற்குப் பின்னால் எண்ணெய் சீல், பேரிங். தீயைக் காட்டினால் இம்பெல்லர் வரும், கூடவே சீலும் போகும். சூடு வேண்டுமென்றால் கெட்டிலில் கொதித்த தண்ணீர் போதும்.

ஏன் இப்படி ஆனது என்று புரிந்துகொள். பம்ப்பின் உள்ளே ஒரு பக்கத்தில் கேம் என்கிற பிறை வடிவத் துண்டு இருக்கிறது அல்லவா? இறக்கைகள் அந்த இடத்தில் மடங்குகின்றன, தாண்டியதும் நிமிர்கின்றன. நிமிரும்போது தண்ணீரை உறிஞ்சுகின்றன, மடங்கும்போது தள்ளுகின்றன. பம்ப்பின் வேலை மொத்தமும் இவ்வளவுதான். எஞ்சின் இரண்டு மாதம் சும்மா நின்றால், கேமுக்கு அடியில் அகப்பட்ட இறக்கைகள் மடங்கியபடியே விறைத்துப்போகும். மிச்சத் தண்ணீர் காய்ந்து, உப்பு ரப்பரைச் சுவரோடு ஒட்டிவிடும். அந்த நிலையில் சாவியைத் திருப்பினால் ஷாஃப்ட் சுற்றும், இறக்கை வர மறுக்கும். அடியில் கிழியாமல் என்ன செய்யும்? தடைக்காலம் தொடங்கியதும் செய்ய வேண்டிய முதல் வேலை, மூடியைத் திறந்து இம்பெல்லரை வெளியே எடுத்து வைப்பது. நம் துறைகளில் வலைக்கும் பெயின்ட்டுக்கும் செலவு செய்கிறோம், இந்தச் சின்ன ரப்பரை மட்டும் யாரும் நினைப்பதில்லை.

இனி வேலைக்கு வா. கடல்தண்ணீர் வால்வை மூடு. பம்ப்பை எஞ்சினிலிருந்து முழுதாகக் கழற்றி மேசைக்குக் கொண்டு வா. இரண்டு ஹோஸ், சில போல்ட், அவ்வளவுதான். எஞ்சின் அறையில் குனிந்து கிடந்து செய்தால் பொறுமை போய் ஏதாவது ஒன்றை உடைப்பாய்.

மேசையில் வைத்ததும் ஷாஃப்ட்டின் நுனியைத் துடைத்து நன்றாகப் பார். சில பம்ப்புகளில் நுனியில் சர்க்ளிப் என்கிற பூட்டு வளையம் இருக்கும், சிலவற்றில் புஷ்ஷைப் பிடித்திருக்கும் சின்ன ஸ்க்ரூ இருக்கும். களிம்பு மூடியிருந்தால் கண்ணுக்குத் தெரியாது. அதைக் கழற்றாமல் எத்தனை பேர் இழுத்தாலும் வராது. அடுத்து, புஷ்ஷின் உள்வாயில் மரை வெட்டியிருக்கிறதா பார். பெரிய இம்பெல்லர்கள் சிலவற்றில் உண்டு. இருந்தால் உனக்கு அதிர்ஷ்டம்: அதற்குப் பொருந்தும் போல்ட்டைப் போட்டு முறுக்கு, போல்ட் ஷாஃப்ட்டின் முகத்தை முட்டி இம்பெல்லரை வெளியே தள்ளிவிடும்.

மரை இல்லையென்றால், கேமைப் பிடித்திருக்கும் ஸ்க்ரூவை வெளிப்பக்கத்திலிருந்து கழற்றி கேமை எடுத்துவிடு. இறக்கைகளின் அழுத்தம் போய்விடும், உள்ளே கை வைக்கவும் இடம் கிடைக்கும். துரு இளக்கும் ஸ்ப்ரேயைப் புஷ்ஷுக்கும் ஷாஃப்ட்டுக்கும் நடுவில் விட்டு இரவு முழுக்க ஊற வை. காலையில் கொதிநீரை ஊற்றிவிட்டு, மெல்லிய காலுள்ள புல்லரை, அதாவது இழுத்துக் கழற்றும் கருவியை, போட்டு இழு. ஷாஃப்ட்டின் நுனியில் சுத்தியலால் அடிக்கவே கூடாது. அந்த அடி நேராக பேரிங்கில் போய் விழும்.

அப்படியும் வராவிட்டால் இம்பெல்லரைக் காப்பாற்ற நினைக்காதே. கத்தியால் ரப்பரை மொத்தமாக அறுத்து எடு. வெறும் பித்தளை வளையம் நிற்கும். புஷ்ஷையும் ஷாஃப்ட்டையும் பூட்டும் சின்ன உலோகத் துண்டுக்குச் சாவி என்று பெயர், அது உட்காரும் பள்ளம் சாவிக்காடி. புஷ்ஷில் அந்தக் காடி ஓடும் இடத்தில்தான் பித்தளை மிக மெல்லியது. அந்தக் காடிக்கு நேர் மேலே, ஷாஃப்ட்டுக்கு இணையாக டிரில் போட்டு, துளையில் உளியை வைத்து ஒரு தட்டு தட்டு. வாய் பிளந்துவிடும். கீழே துணி விரித்துக்கொள், சாவி தெறித்துவிட்டால் தேடுவது பெரும்பாடு. ஷாஃப்ட்டில் சாவிக்குப் பதில் பல் வெட்டியிருந்தால் டிரில் வேண்டாம், பல் கெடும். புல்லரும் பொறுமையும்தான் வழி.

தலை முறிந்த ஸ்க்ரூவைப் பற்றிக் கவலைப்படாதே. மூடி போய்விட்டதால் தண்டு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும், பூட்டுக் குறடால் பிடித்து மெதுவாக முன்னும் பின்னும் அசைத்துக் கழற்று.

காணாமல் போன இறக்கையைத் தேடாமல் எஞ்சினை ஓட்டாதே. அது பம்ப்பின் வெளிவாயிலிருந்து முதல் வளைவிலோ, ஆயில் கூலரின் முகத்திலோ அடைத்துக்கொண்டு நிற்கும். கிழிந்த துண்டுகளைப் பழைய இம்பெல்லரோடு பொருத்திப் பார், முழு இம்பெல்லர் கிடைக்கும்வரை தேடு.

புதியதைப் போடும்போது கிரீஸ் தடவாதே, பெட்ரோலியக் கிரீஸில் ரப்பர் உப்பும். மருந்துக் கடையில் கிளிசரின் கிடைக்கும், இல்லாவிட்டால் பாத்திரம் கழுவும் சோப்புத் தண்ணீர். வலை பின்னும் நைலான் நூலை இறக்கைகளைச் சுற்றிக் கட்டி, எல்லாவற்றையும் ஒரே பக்கம் மடக்கி, சுற்றிக்கொண்டே உள்ளே தள்ளு. இறக்கைகளின் நுனி சுற்றும் திசைக்கு எதிராகச் சாய்ந்திருக்க வேண்டும். பாதி உள்ளே போனதும் நூலை உருவிவிடு. மூடியின் பேக்கிங் பம்ப்போடு வந்த அதே தடிமனில் இருக்கட்டும். கல்யாணப் பத்திரிகை அட்டையை வெட்டிப் போடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அட்டை தடித்தால் மூடிக்கும் இம்பெல்லருக்கும் நடுவில் சந்து விழும், தண்ணீர் ஏறாது. மெலிந்தால் ரப்பர் மூடியில் உராய்ந்து எரியும்.

பருத்தித்துறை மீன்பிடி எழுதியது:

தம்பி, நான் வெளியிணைப்பு இயந்திரம் வைத்திருப்பவன், 25 குதிரைவலு. எங்களுக்கும் இதே தொல்லைதான். கியர் பெட்டியை இறக்கினால் இம்பெல்லர் நீண்ட ஷாஃப்ட்டின் நடுவில் இருக்கும், மேல்வழியாக உருவி எடுக்க வேண்டும். அதனால் கை வைக்கும் முன் மேலே உள்ள ஷாஃப்ட்டின் கறளை உப்புத்தாளால் பளபளக்கத் தேய்த்துவிடுவேன். இல்லாவிட்டால் கீழே இளகிய புஷ் பாதி வழியில் மறுபடி இறுகிக்கொள்ளும். உங்கள் ஷாஃப்ட் கட்டையானது என்றாலும் நுனியைத் தேய்த்துவிட்டே இழுங்கள். பொருத்தும்போது நான் பாவிப்பது சவர்க்காரத் தண்ணீர்தான்.

காசிமேடு அண்ணை சொல்லாத ஒன்று: சில வேளை இறக்கை எல்லாம் நன்றாக இருக்கும், தண்ணீர் மட்டும் வராது. ரப்பர் பித்தளையை விட்டு உரிந்து, புஷ் மட்டும் உள்ளே தனியாகச் சுற்றும். பார்வைக்குத் தெரியாது. புஷ்ஷைக் குறடால் பிடித்துக்கொண்டு ரப்பரைக் கையால் திருகிப் பாருங்கள்.

அக்கரைப்பேட்டை இளையவன் எழுதியது:

அண்ணன்மாருக்கு நன்றி. சர்க்ளிப் இருந்தது! களிம்புக்கு அடியில் புதைந்து கிடந்தது, கம்பித் தூரிகையால் தேய்த்தபோதுதான் தெரிந்தது. அதை எடுத்த பிறகும் புல்லருக்கு அசையவில்லை. கடைசியில் ரப்பரை அறுத்து, சாவிக்காடியின் மேல் டிரில் போட்டு உளியால் தட்டினேன். ‘டக்’ என்று பிளந்தது. ஷாஃப்ட்டில் ஒரு கீறல்கூட இல்லை.

காணாமல் போன இறக்கை ஆயில் கூலருக்கு முந்தைய வளைவில் இருந்தது. அதோடு, எங்களுடையது அல்லாத மூன்று ரப்பர் துண்டுகளும் வந்தன, கல்லைப் போல் இறுகி! படகை எங்களுக்கு விற்றவர் காலத்துச் சரக்கு போலிருக்கிறது. எஞ்சின் சூடு எப்போதும் கொஞ்சம் கூடவே காட்டியதற்கு இதுதான் காரணமாக இருக்கும்.

இரண்டு சந்தேகங்கள். மூடியின் உட்பக்கத்தில் வட்ட வட்டமாகக் கோடு விழுந்திருக்கிறது, நகத்துக்குத் தட்டுப்படுகிறது. பிறகு, பம்ப்பின் அடியில் ஒரு சின்னத் துளை இருக்கிறது. அதைச் சுற்றி உப்புப் பூத்திருக்கிறது. அடைத்துவிடலாமா?

காசிமேடு பழைய பட்டறை எழுதியது:

துளையை அடைக்காதே! தண்ணீர் சீலுக்கும் எண்ணெய் சீலுக்கும் நடுவில் உள்ள கசிவுத் துளை அது. எந்த சீல் போனாலும் கசிவு எஞ்சினுக்குள் போகாமல் வெளியே விழுவதற்காக வைத்தது. உப்பு பூத்திருக்கிறது என்றால் தண்ணீர் சீல் போய்விட்டது. எண்ணெய் கசிந்திருந்தால் பின்னாலுள்ள சீல். அடைத்தால் கடல்தண்ணீர் பேரிங்குக்குப் போகும், அதைத் தாண்டினால் எஞ்சின் ஆயிலுக்கே போகும். பம்ப் இப்போது கையில்தானே இருக்கிறது, இரண்டு சீலையும் மாற்றிவிடு. ஷாஃப்ட்டில் சீல் உட்காரும் இடத்தில் பள்ளம் விழுந்திருக்கிறதா என்று நகத்தால் தடவிப் பார்த்துக்கொள்.

மூடியைத் திருப்பிப் போடு, வெளிப்பக்கம் வழவழப்பாக இருக்கும். அந்தப் பக்கத்தில் எழுத்து செதுக்கியிருந்தால், கண்ணாடித் துண்டின் மேல் உப்புத்தாளை விரித்து, எட்டு வடிவில் தேய்த்து மட்டமாக்கு.

சீல் வாங்க ஆளை அனுப்பாமல் நீயே போ. பழைய சீலையும் ஷாஃப்ட்டையும் கையோடு கொண்டு போய்க் கடையிலேயே போட்டுப் பார். இம்பெல்லர் வாங்கும்போது இரண்டாக வாங்கி, ஒன்றைப் படகிலேயே வை. எஞ்சின் அறையில் வேண்டாம், சூட்டில் ரப்பர் விறைத்துப்போகும். டிரைவர் அறை அலமாரியில் வை, மூடியின் பேக்கிங்கும் கிளிசரின் பாட்டிலும் கூடவே இருக்கட்டும்.