குனிந்தால் அறையே கூட வருகிறது

கேள்வி: எங்கள் வாராந்தரக் கூட்டத்தில் மேசை நடுவே 360 டிகிரி கேமரா. நான் வீட்டில் விஆர் ஹெட்செட் மாட்டிக்கொண்டு உட்காருகிறேன். தலையைத் திருப்பினால் பேசுபவர் முகம் சரியாக வருகிறது. ஆனால் ஒயிட்போர்டைப் படிக்க முன்னால் குனிந்தால் அறையே என்னோடு நகர்கிறது. வயிற்றைப் புரட்டுகிறது. ஹெட்செட் கோளாறா?

பதில்: இல்லைங்க. அந்த வீடியோ ஒரே புள்ளியிலிருந்து எடுத்தது. திரும்பிப் பார்க்கப் படம் இருக்கிறது, நகர்ந்து பார்க்க இல்லை. அதற்கு எந்தப் பொருள் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்ற ஆழத் தகவலும் வேண்டும்.

மற்றொரு பதில்: ஹெட்செட்டே எதற்கு? 2007-இல் ஜானி லீ என்ற ஆராய்ச்சி மாணவர், மூக்குக்கண்ணாடியில் அகச்சிவப்பு எல்இடி மாட்டி, வீ (Wii) வீடியோ கேம் கருவியின் ரிமோட்டால் தலையைப் பின்தொடர்ந்து, தலை நகர்ந்தால் காட்சியும் மாறும்படி, சாதாரணத் திரையையே ஜன்னல் மாதிரி காட்டினார். தலையைப் பின்தொடர இப்போது வெப்கேமே போதும். ஒரு ஆளுக்குத்தான் சரியாக வரும், அது வேறு விஷயம்.

கேட்டவர்: சரி, ஒயிட்போர்டுக்குத் தனி கேமரா கேட்கிறேன். கண்ணாடியில் எல்இடியோடு மேனேஜர் முன்னால் உட்கார முடியாது.