புதுப்பிப்பு: வெப்பநிலை முறையில் மூன்றாம் நாள் வரை பொறுங்கள்

காலை உடல் வெப்பநிலையைக் குறித்துக் கருத்தரிப்பைத் தவிர்ப்பது பற்றி முன்பு எழுதியிருந்தேன். “வெப்பம் கூடின அன்றே பாதுகாப்பா?” என்று திருகோணமலைச் சகோதரிகள் சிலர் கேட்டிருக்கிறீர்கள். இல்லை.

வெப்பம் ஏற முந்தைய 6 நாட்களின் உச்ச அளவு 36.40 பாகை செல்சியஸ் என்றால், அடுத்து வரும் 3 நாட்களும் அதைத் தாண்ட வேண்டும். மூன்றாம் நாள் அந்த உச்சத்தைவிட 0.2 கூடி, 36.60 ஆவது இருக்க வேண்டும். அன்று மாலையிலிருந்துதான் பாதுகாப்பு. முட்டை வெளியான பிறகே வெப்பம் ஏறும். விந்தணு 5 நாள் வரை உயிரோடிருக்கும். ஆகவே ஏற்றத்துக்கு முந்தைய நாட்களில் வெப்பநிலையை மட்டும் நம்பினால் பாதுகாப்பில்லை. கர்ப்பவாய்ச் சளியையும் கட்டாயம் கவனியுங்கள். சாதாரணக் காய்ச்சல்மானி போதாது, இரண்டு தசமம் காட்டுவது வேண்டும். எழும்ப முதல், தண்ணீர் குடிக்க முதல், தினமும் ஒரே நேரத்தில் நாக்கின் கீழ் வையுங்கள்.

கரண்ட் போய் ஃபேன் நின்று நித்திரை குழம்பிய இரவு, டெங்குக் காய்ச்சல், இரவு வேலை: அந்த அளவுகளைக் கணக்கில் சேர்க்காதீர்கள். பால் கொடுக்கும் தாய்மார் இதை மட்டும் நம்பவே வேண்டாம். உங்கள் பகுதிக் குடும்ப நல உத்தியோகத்தரிடம் வேறு வழி கேளுங்கள்.