லிப்ரேகாட்டில் வரைந்த வீட்டுப்படத்தில் அளவுகள் பொருந்தவில்லை

கேள்வி (கொட்டாஞ்சேனையிலிருந்து)

வணக்கம். எங்கள் பழைய வீட்டின் பின்பகுதியை வாடகைக்கு விடக்கூடிய அனெக்ஸாக மாற்ற எண்ணியுள்ளோம். சுவர்களும் கதவு யன்னல்களும் அளவுகளுடன் தெரியும் ஒரு வரைபடத்தை மேசன் பாஸ் கேட்டார். கணினியில் வரைபடம் வரையும் மென்பொருளான ஓட்டோகாட்டை வாங்க வசதியில்லாததால் இலவசமான லிப்ரேகாட்டை நிறுவி, 1:50 அளவுத்திட்டத்தில் படம் அமைய வேண்டும் என்பதற்காக ஒவ்வோர் அளவையும் மில்லிமீற்றராக்கி, அதை 50ஆல் வகுத்து வரைந்தேன். இப்போது 30 அடிச் சுவருக்கு அளவுக்கோடு போட்டால் 9144 என்று வராமல் 182.88 என்றே வருகிறது.

இன்னொரு குழப்பமும் உண்டு. வரிசையாக உள்ள இரண்டு அறைகளின் உள்நீளம் 13 அடி 6 அங்குலமும் 14 அடி 4½ அங்குலமும் ஆகும். வெளிச்சுவர் இரண்டுக்கும் 9 அங்குலப்படியும் நடுச்சுவருக்கு 4½ அங்குலமும் சேர்த்தால் 29 அடி 9 அங்குலமே வருகிறது. வெளியே நாடா பிடித்தால் சரியாக 30 அடி. மிகுதி 3 அங்குலம் எங்கே?

பதில் 1 (வெள்ளவத்தை, கட்டட வரைஞர்)

காகிதத்தில் வரைந்து பழகிய எல்லோரும் முதலில் செய்யும் தவறுதான் இது. கணினியில் வகுக்கவே கூடாது. 30 அடிச் சுவரை 9144 ஆகவே வரையுங்கள்; அளவுத்திட்டம் என்பது அச்சிடும் நேரத்தில் மட்டும் வருகின்ற விடயம். வரைந்ததை அழிக்க வேண்டியதில்லை. முழுவதையும் தெரிவுசெய்து, மாற்றுதல் பட்டியிலுள்ள ஸ்கேல் கருவியில் 50 என்ற காரணியைக் கொடுத்தால் அளவுகள் மெய்யளவுக்கு வந்துவிடும். படத்தின் அலகு மில்லிமீற்றர்தானா என்பதை மட்டும் அமைப்புகளில் உறுதிசெய்து கொள்ளுங்கள். அலகை இடையில் மாற்றினாலும் வரைந்த கோடுகளின் எண்கள் மாறமாட்டா.

3 அங்குலம் பூச்சில் இருக்கிறது. நாம் 9 அங்குலச் சுவர் என்று சொல்வது செங்கல் வேலையின் தடிப்பு. முகம் ஒன்றுக்கு ஏறத்தாழ அரை அங்குலம் பூச்சு என்றால், மூன்று சுவர்களின் ஆறு முகங்களுக்கும் சேர்த்து 3 அங்குலம். ஆகவே கட்டியிருக்கும் வீட்டை வரையும்போது 10 அங்குலம் (254), 5½ அங்குலம் (139.7) என்று பூசிய தடிப்பையே கொள்ளுங்கள். பழைய வீடுகளில் பூச்சு எல்லா இடத்திலும் ஒரே தடிப்பாக இராது என்பதால், நிலை இல்லாத வாசலொன்றில் நாடாவைக் குறுக்கே பிடித்துச் சரிபார்ப்பது நல்லது.

மறுபடி வரைய விரும்பினால் 0,0 இல் தொடங்கி, கட்டளை வரியில் @9144,0 என்றும் அடுத்து @0,6096 என்றும் (@ என்றால் முந்திய புள்ளியிலிருந்து என்று பொருள்; அகலம் 20 அடி என்று வைத்துக்கொள்கிறேன்) கொடுத்து வெளிக்கோட்டை முடியுங்கள். பிறகு சமாந்தரக் கோட்டுக் கருவியால் 254 தூரத்தில் உட்கோடுகளை எடுத்து, ஒன்றையொன்று வெட்டும் மூலைகளை 'ட்ரிம் டூ' கருவியால் சீராக்குங்கள். சுவருக்கும் அளவுக்கோடுகளுக்கும் தனித்தனி லேயர் (படத்தின் அடுக்கு) வைத்தால் பின்னர் தலைவலி இராது.

பதில் 2 (தெஹிவளை)

இதே வேலைக்கு ஸ்வீட் ஹோம் 3டி எளிதாக இருக்குமே. அதுவும் இலவசம், சுவர் தடிப்புடனேயே வரும், கட்டிலையும் அலுமாரியையும் வைத்து முப்பரிமாணத்திலும் பார்க்கலாம்.

பதில் 3 (வெள்ளவத்தை, கட்டட வரைஞர்)

தளபாடம் கொள்ளுமா என்று பார்க்க அது மிக நன்று. ஆனால் அதில் சுவரின் நடுக்கோட்டையே வரைகிறோம். உள்ளளவைக் கொண்டு தொடங்குபவர் ஒவ்வொரு பக்கமும் பாதித் தடிப்பைச் சேர்த்துக்கொள்ள மறந்தால் அறை சிறுத்துவிடும். மேசனுக்குக் கொடுக்கும் படத்துக்கு நான் லிப்ரேகாட்டையே விரும்புவேன். மாநகர சபையின் அனுமதிக்குச் சமர்ப்பிப்பதாயின் தகுதிபெற்ற ஒருவர் வரைந்து கையொப்பமிட வேண்டும். உங்கள் படம் அவருக்கு நல்ல தொடக்கமாக இருக்கும்.

கேள்வி கேட்டவர்

மிக்க நன்றி, ஐயா. 50ஆல் பெருக்கியதும் 9144 வந்துவிட்டது. பூசிய தடிப்பைக் கொண்டு கூட்டியதில் 30 அடியும் சரியாகப் பொருந்தியது. ஆனால் அளவு எழுத்துகள் எறும்பு போலத் தெரிகின்றன. மேலும், 1:50 என்று வைத்துப் பிடிஎஃப் ஆக்கி, பக்கத்துக் கொமினிகேசன் கடையில் அச்செடுத்த தாளில் அந்தச் சுவர் 176 மில்லிமீற்றர்தான் இருக்கிறது.

பதில் 4 (வெள்ளவத்தை, கட்டட வரைஞர்)

எழுத்தும் மெய்யளவிலேயே இருக்கிறது. தாளில் 2.5 மில்லிமீற்றர் உயரம் வேண்டுமானால் படத்தில் 125 என்று கொடுங்கள். அம்புக்குறியையும் அதே விகிதத்தில் பெருக்குங்கள். அச்சில் சுவர் 182.9 ஆக வந்திருக்க வேண்டும். கடைக்காரர் 'தாளுக்குப் பொருத்து' என்ற தெரிவை அப்படியே விட்டிருப்பார். அது ஓரங்களுக்கு இடம்விட்டுப் படத்தைச் சுருக்கிவிடும். 100 சதவீதத்தில் எடுக்கச் சொல்லுங்கள். கிடையாக வைத்த ஏ4 தாள் 1:50 இல் 14.85 மீற்றர் நீளமும் 10.5 மீற்றர் அகலமும் கொள்ளும் என்பதால் உங்கள் அனெக்ஸுக்கு ஏ3 தேவையில்லை.

கேள்வி கேட்டவர்

இன்று மறுபடி எடுத்தேன். அடிமட்டத்தில் 183 காட்டுகிறது.