வளவுக்குள் ஓடும் ரயிலுக்கு எந்தக் கேஜ்? 5, 7¼, 7½, 8¼

வளவுப்பாதை (உப்புவெளி):
வணக்கம். திருகோணமலை உப்புவெளியில் எங்கள் குடும்ப வளவில், ஆட்கள் ஏறி ஓடக்கூடிய சின்ன ரயில் பாதை ஒன்று போடப் போகிறேன். மணல் நிலம். தென்னைகளைச் சுற்றி முட்டை வடிவத்தில் ஓடும். பற்றரி எஞ்சின், பின்னால் இரண்டு மூன்று பெட்டி. ஏறப்போவது பெரும்பாலும் பிள்ளைகள்.

இரும்பு வாங்குவதற்கு முதல் கேஜை முடிவு செய்ய வேண்டும், அதாவது இரண்டு தண்டவாளங்களின் உள்விளிம்புகளுக்கு இடையில் எவ்வளவு தூரம் என்பதை. இதில் உலகம் முழுக்க ஒரே அளவு கிடையாது. பிரித்தானியாவிலும் அவுஸ்திரேலியாவிலும் 5 அங்குலமும் 7¼ அங்குலமும் ஓடுகின்றன. அமெரிக்காவின் பெரும்பகுதியில் 7½, ஆனால் அதன் வடகிழக்கில் 7¼. 5 அங்குலத்துக்குப் பதிலாக அமெரிக்காவில் 4¾. என் மனம் 7¼ பக்கம் சாய்கிறது. வேறு கருத்து உள்ளவர்கள் காரணத்தோடு சொல்லுங்கள். ஒருமுறை போட்டால் பிடுங்கிப் போடுவது சின்ன வேலை இல்லை.

பசிபிக்கரை (கலிபோர்னியா, பிறந்தது திருக்கடலூர்):
தம்பி, 7½ போடுங்கள். இங்கே லொஸ் ஏஞ்சலஸ் கிரிஃபித் பார்க்கில் லைவ் ஸ்டீமர்ஸ் கழகம் ஆட்களை ஏற்றி ஓட்டும் சின்ன ரயில்கள் 7½. ஒரிகன் மாநிலத்தில் சிலோகின் என்ற ஊருக்குப் பக்கத்தில் ட்ரெயின் மவுண்டன் என்று ஒரு பாதை இருக்கிறது, காட்டுக்குள் மைல்கணக்கில் போகிறது. அதுவும் 7½. சில்லு, அச்சு, போகி (பெட்டிக்கு அடியில் சில்லுகளைத் தாங்கும் சட்டம்) எல்லாம் இங்கே செய்து விற்கிறார்கள். ஊருக்கு வரும்போது நானே நான்கு சில்லுத் தொகுதிகளைக் கொண்டுவந்து தருவேன்.

இன்னொரு காரணமும் உண்டு. இலங்கையின் களனிப் பள்ளத்தாக்கு ரயில் பாதை 1990களில் அகலமாக்கப்படுவதற்கு முன்னர் 2 அடி 6 அங்குலம், அதாவது 30 அங்குலம். அதை நான்கில் ஒன்றாகச் சுருக்கினால் சரியாக 7½ வரும். நம் நாட்டுச் சின்ன எஞ்சின் ஒன்றை அச்சொட்டாகச் செய்யலாம். கால்பங்கு அளவு என்பதால் ஓட்டுபவர் அதற்குள்ளேயே இறங்கி உட்காரவும் இடம் கிடைக்கும்.

ஓர்ஸ்ஹில்_லேத்:
ஏழு எதற்கு? 5 போதும். நான் லேத் வேலை செய்பவன், சொல்கிறேன். சில்லு சின்னது, அச்சு மெல்லியது, ஒரு பெட்டியை இரண்டு பேர் தூக்கி வைக்கலாம். வளைவையும் இறுக்கமாக எடுக்கலாம், வளவுக்கு அதுதான் முக்கியம். ஜப்பானிலும் அவுஸ்திரேலியாவிலும் 5 அங்குலத்தில் பெரிய ஆட்களே ஏறி ஓடுகிறார்கள். 7¼க்குப் போனால் இரும்பின் எடை கூடும், பற்றரி பெரிதாகும், கடைசியில் காசு போதாமல் பாதி வளவோடு நிற்கும்.

பௌதிகம் (நிலாவெளி):
5 அங்குலத்தில் பெரியவர்கள் ஓடுவது உண்மை. ஆனால் பிரித்தானியாவின் பல கழகங்களில் 3½, 5 அங்குலப் பாதைகளைத் தூண் வைத்து உயர்த்திப் போடுவார்கள். பயணி இரண்டு பக்கமும் கால் போட்டு உட்கார்வார், கால்மிதி தண்டவாளத்துக்குக் கீழே இருக்கும். அதனால் எடையும் ஓரளவு கீழே இறங்கும். 7¼தான் பெரும்பாலும் நிலத்தோடு ஓடுகிறது. இங்கே கேட்கப்படுவது நிலத்தோடு ஓடும் பாதை, ஏறுவது பிள்ளைகள். ஆகவே கணக்கைப் போட்டுப் பார்ப்போம்.

பெட்டியும் பிள்ளையும் சேர்ந்த எடையின் மையம் பாதையின் நடுக்கோட்டில் இருந்து பாதி கேஜ் தூரம் விலகினால் பெட்டி கவிழும். 5 அங்குலத்தில் அந்தப் பாதி 63 மில்லிமீற்றர். 7¼இல் 92. 30 கிலோ பிள்ளை 25 கிலோ பெட்டியில் இருந்துகொண்டு, ஓடும்போது ஓரத்துச் செடியில் பூப் பறிக்க உடம்பை 12 சென்ரிமீற்றர் சாய்க்கிறது என்று வையுங்கள். சேர்ந்த மையம் ஏறத்தாழ 65 மில்லிமீற்றர் விலகும். 5 அங்குலத்தில் பெட்டி கவிழ்ந்துவிட்டது. 7¼இல் பெட்டியும் கொஞ்சம் கனமாக, 35 கிலோ அளவில் இருக்கும். அப்போது விலகல் 55, எல்லை 92.

இனி மணல். மழை பெய்து ஒரு பக்கத் தண்டவாளம் வெறும் 6 மில்லிமீற்றர் இறங்கினால் போதும். எடையின் மையம் தண்டவாளத்துக்கு மேலே 60 சென்ரிமீற்றரில் இருந்தால், 5 அங்குலப் பாதையில் அது 28 மில்லிமீற்றர் பக்கவாட்டில் நகரும், பிள்ளை அசையாமல் இருந்தாலே. 63இல் 28 போய்விட்டது. 7¼இல் 92இல் 20தான் போகும். ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பிறகு உப்புவெளி மணல் 6 மில்லிமீற்றருக்கு மேல் இறங்காது என்று யாரும் உறுதி சொல்ல முடியுமா?

ஓர்ஸ்ஹில்_லேத்:
ரீச்சர், கணக்கு சரி. ஆனால் அதற்கு மருந்து கேஜ் மட்டும் இல்லையே. இருக்கையைத் தாழ்த்துங்கள். பெட்டியின் அடியில் ஈயமோ கொங்கிறீற்றோ வைத்துக் கனத்தைக் கீழே கொண்டுவாருங்கள். சிலிப்பர் கட்டைக்குக் கீழே சல்லி போட்டு இடியுங்கள், மணலில் நேராகக் கட்டையை வைத்தால் 7¼ பாதையும் நெளியும். அகலத்தைக் கூட்டிவிட்டு அடித்தளத்தைக் கவனிக்காமல் விடுபவர்களைத்தான் பார்க்கிறேன்.

பௌதிகம்:
சல்லி எந்தக் கேஜுக்கும் தேவை, அதில் உங்களோடு நிற்கிறேன். இருக்கையைத் தாழ்த்துவதிலும் ஒத்துப்போகிறேன். ஆனால் இரண்டு செயலையும் 7¼இல் செய்தால் பாதுகாப்பு இன்னும் கூடும் அல்லவா? பிள்ளைகள் சொல்லைக் கேட்டு அசையாமல் இருப்பார்கள் என்று நம்பி ஒரு பாதையை வடிவமைக்கக் கூடாது.

இன்னொன்று. 7¼க்கும் 7½க்கும் இடையில் பாதுகாப்பைக் காரணமாகச் சொல்ல வேண்டாம். பாதி கேஜ் கணக்கில் வித்தியாசம் 3 மில்லிமீற்றர், அவ்வளவுதான். அந்த இரண்டில் எதைத் தெரிவது என்பதற்கு வேறு காரணம் வேண்டும்.

வளவுப்பாதை:
அந்தக் காரணம் என்னிடம் இருக்கிறது. என் சித்தப்பா லண்டனில் இருக்கிறார், அங்கே கிடைப்பது 7¼. பசிபிக்கரை அண்ணா 7½ கொண்டுவருகிறேன் என்கிறார். இரண்டையும் ஒரே பாதையில் ஓடவிட முடியாது. 7½ சில்லு 7¼ பாதைக்குள் இறங்காது, 7¼ சில்லு 7½ பாதையில் இரண்டு தண்டவாளத்துக்கும் நடுவே விழுந்துவிடும். கால் அங்குலம்தான் வித்தியாசம், அதனால் மூன்றாவது தண்டவாளம் வைக்கவும் இடம் இல்லை. 5க்கும் 7¼க்கும் இடையில் 2¼ அங்குலம் இருக்கிறது, அதனால் அந்த இரண்டையும் மூன்று தண்டவாளப் பாதையில் சேர்த்து ஓடுகிறார்கள்.

7¼ போட்டால் நாளைக்கு லேத் அண்ணாவின் 5 அங்குல எஞ்சினுக்கும் ஒரு தண்டவாளம் சேர்க்கலாம்.

பசிபிக்கரை:
7½ போட்டாலும் 5ஐச் சேர்க்கலாம், இடைவெளி 2½. அந்த வாதம் இரண்டு பக்கமும் வெட்டும்.

அமெரிக்கா முழுக்கவே 7½ என்று நான் சொல்லவில்லை. வோல்ட் டிஸ்னி 1950இல் லொஸ் ஏஞ்சலஸில் தன் வீட்டு வளவில் ஓடவிட்ட கரோல்வுட் பசிபிக் ரயில் 7¼தான். ஆனால் இன்றைக்கு இந்தக் கரையில் நீங்கள் போய் ஓட்டக்கூடிய இடங்கள் 7½.

பௌதிகம்:
டிஸ்னியின் பாதையைச் சொன்னீர்கள், அதன் முடிவையும் சொல்ல வேண்டும். 1953இல் ஒரு விருந்தாளி எஞ்சினை வளைவில் வேகமாக ஓட்டி, அது தடம் புரண்டது. விசில் உடைந்து வந்த நீராவி ஒரு சிறுமியைச் சுட்டது. டிஸ்னி அத்தோடு அந்தப் பாதையை மூடிவிட்டார். 7¼ பாதை, நன்றாகக் கட்டிய பாதை, அதிலும் வேகம் கூடினால் இதுதான். வளவுப்பாதை பற்றரி எஞ்சினைத் தெரிந்தது எனக்கு நிம்மதி. மோட்டர் கட்டுப்பாட்டில் உச்ச வேகத்தைப் பூட்டி வையுங்கள், நடை வேகத்துக்கு மேல் போகவே கூடாது.

சீனக்குடா569:
இவ்வளவு நேரமும் லண்டனையும் கலிபோர்னியாவையும் பற்றியே பேசுகிறோம். நம் ரயிலைப் பற்றி யார் பேசுவது?

இலங்கையின் அகலப்பாதை 5 அடி 6 அங்குலம், 66 அங்குலம். மேலே சொன்ன எந்த அளவும் அதற்காகச் செய்யப்பட்டது இல்லை. 5, 7¼ எல்லாம் பிரித்தானியாவின் 4 அடி 8½ அங்குலப் பாதையில் இருந்து வந்தவை. அதை எட்டில் ஒன்றாகச் சுருக்கினால் 7 அங்குலத்துக்குக் கொஞ்சம் மேலே வரும், அதைத்தான் 7¼ என்று ஓட்டுகிறார்கள். நம்முடைய 66 அங்குலத்தை எட்டில் ஒன்றாகச் சுருக்கினால் 8¼. நான் வாதிடுவது அதற்குத்தான். 1954இல் கனடாவில் இருந்து வந்த எம்2 எஞ்சின்கள், ஒன்டாரியோ, அல்பர்ட்டா என்று மாகாணப் பெயர் தாங்கியவை. அந்த எஞ்சினை எட்டில் ஒன்றாகச் செய்து 7¼இல் வைத்தால் அது 4 அடி 10 அங்குலப் பாதையில் நிற்பதாக அர்த்தம். சில்லுகள் உள்ளே ஒடுங்கிப் போய், மேலே உடம்பு பருத்துத் தெரியும். சீனக்குடா ஸ்டேஷனில் ரயில் பார்த்து வளர்ந்த கண்ணுக்கு அது உடனே தெரியும்.

இன்னும் ஒன்று, ரீச்சரின் கணக்கில் பாதி கேஜ் 105 மில்லிமீற்றர் ஆகும். பாதுகாப்பும் கூடுகிறது. திருகோணமலையில் நமக்குப் பக்கத்தில் வேறு பாதையே இல்லை, யாரோடு ஒத்துப்போக வேண்டும்?

வளவுப்பாதை:
உங்கள் ஆசை எனக்கும் உண்டு. ஆனால் தனியாக ஒரு அளவைப் பிடித்தால் தனியாகவே நிற்க வேண்டி வரும். 1914இல் இந்தியாவையும் இலங்கையையும் ரயிலாலும் கப்பலாலும் இணைத்த போட் மெயில் தொடங்கியபோது தனுஷ்கோடி வரை மீற்றர் கேஜ், தலைமன்னாரில் இருந்து கொழும்புக்கு அகலப்பாதை. நடுவில் கடலும் கப்பலும் இருந்தன, ஆனால் பாலமே போட்டிருந்தாலும் ஒரு பெட்டிகூட நேராகத் தாண்டியிருக்காது. நாளைக்கு மட்டக்களப்பிலோ வவுனியாவிலோ இன்னொருவர் பாதை போட்டால், அவருடைய எஞ்சின் என் வளவுக்கு வர வேண்டும், என்னுடையது அங்கே போக வேண்டும். அவர் தேடிப் பார்க்கும்போது முதலில் கிடைக்கும் அளவு 7¼ ஆகத்தான் இருக்கும்.

சீனக்குடா569:
முதலில் போடுகிறவர் சொல்வதுதான் அளவு. நீங்கள் 8¼ போட்டால் மட்டக்களப்பில் போடுகிறவர் உங்களைப் பார்த்து 8¼ போடுவார். வெளிநாட்டில் இருந்து சாமான் வாங்க முடியாத இடத்தில், வெளிநாட்டு அளவால் நமக்கு என்ன லாபம்? சில்லை லேத் அண்ணாதான் கடையப் போகிறார். 7¼ பாதைக்குக் கடைந்தாலும் 8¼ பாதைக்குக் கடைந்தாலும் சில்லு ஒன்றே, அச்சு மட்டும் ஓர் அங்குலம் நீளம்.

ஓர்ஸ்ஹில்_லேத்:
அது உண்மை. கடைவதற்கு எனக்கு வித்தியாசம் இல்லை. அது மட்டும் இல்லை, 7¼க்கும் 7½க்கும் உள்ள சண்டையையும் என் பட்டறையில் முடிக்கலாம். கால் அங்குலம் என்றால் 2 நூல். சில்லுக்குப் பின்னால் பக்கத்துக்கு ஒரு நூல் தடிப்பில் ஒரு வளையம் போட்டால் பெட்டியின் அச்சு 7¼இல் இருந்து 7½க்கு மாறிவிடும். வளையத்தைச் சில்லுக்கு வெளிப்புறம் மாற்றினால் திரும்ப 7¼. சில்லை அச்சில் இறுக்கி அடிக்காமல் சாவி (சில்லு அச்சில் தனியாகச் சுழலாமல் பிடிக்கும் இரும்புத் துண்டு) வெட்டித் திருகால் பூட்ட வேண்டும், அவ்வளவுதான். பசிபிக்கரை அண்ணா கொண்டுவரும் சில்லையும் அப்படி உள்ளே தள்ளலாம். பெட்டிக்குச் சரி. எஞ்சினில் மோட்டரும் சங்கிலியும் இருக்கும் அச்சுக்கு முதலிலேயே இடம் விட்டுச் செய்ய வேண்டும்.

நான் 5க்குத்தான் நின்றேன், இப்போதும் செலவில் அதுதான் குறைவு. ஆனால் பிள்ளைகள் என்றால் ரீச்சர் சொல்வதை மீற எனக்கு மனம் இல்லை.

பௌதிகம்:
சீனக்குடா569க்கு ஒரு கேள்வி. எட்டில் ஒன்றைத்தான் ஏன் பிடிக்க வேண்டும்? 66ஐ 9ஆல் வகுத்துப் பாருங்கள், 7.33 வருகிறது. 7¼ பாதையில் அதற்குக் குறைவது 2 மில்லிமீற்றர். ஒன்பதில் ஒன்று அளவில் செய்தால் உங்கள் எம்2 எஞ்சின் 7¼ பாதையில் சரியான அகலத்தில் நிற்கும். ஓர் அடிக்கு 34 மில்லிமீற்றர் என்று பிடித்தால் போதும். எட்டில் ஒன்றுக்கு வெளிநாட்டில் வரைபடமும் வார்ப்பும் கிடைக்கும் என்பது உண்மை, ஆனால் நம் எஞ்சின்களுக்கு அந்த அளவிலும் யாரும் வார்ப்பு விற்கவில்லையே. எப்படியும் நாம்தான் அளந்து வரைய வேண்டும், அதை ஒன்பதில் வரைவோம்.

பசிபிக்கரை:
நல்ல கணக்கு. 7½க்கு அது 4 மில்லிமீற்றர் கூடுதலாக வரும், அதுவும் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் களனிப் பள்ளத்தாக்கு எஞ்சினுக்கு என் கணக்கு இன்னும் நிற்கிறது. 7¼ பாதையில் கால்பங்கு என்றால் 29 அங்குலம் ஆகிறது, ஓர் அங்குலம் குறைவு.

வளவுப்பாதை:
30இல் ஓர் அங்குலம் குறைவதை ஏற்றுக்கொள்கிறேன் அண்ணா. அகலப்பாதை எஞ்சினும் சின்னப்பாதை எஞ்சினும் ஒரே தண்டவாளத்தில் ஓடுவதற்கு அது பெரிய விலை இல்லை.

7¼ என்றே போகிறேன். தண்டவாளம் 10க்கு 25 மில்லிமீற்றர் பட்டை இரும்பு, நிமிர்த்தி வைத்தது. ஆனால் குறுக்கு இரும்பில் வெல்ட் பண்ணப் போவதில்லை. 1886இல் அமெரிக்காவின் தென் மாநிலங்கள் 5 அடிப் பாதைகளை 4 அடி 9 அங்குலத்துக்கு மாற்றியபோது, ஆணிகளை முன்கூட்டியே புதிய இடத்தில் அடித்து வைத்து, இரண்டு நாளில் ஒரு பக்கத் தண்டவாளத்தைத் தள்ளி வைத்தார்கள். மரக் கட்டையில் ஆணியால் பூட்டியிருந்ததால்தான் அது முடிந்தது. நானும் வைரம் பாய்ந்த பனையில் சிலிப்பர் கட்டை அறுத்து, கோண இரும்புத் துண்டால் தண்டவாளத்தைத் திருகிப் பூட்டுகிறேன். கட்டையை ஒரு பக்கம் நீளமாக விடுகிறேன்.

சீனக்குடா569, அந்த நீளம் உங்களுக்கு. 8¼க்கும் 7¼க்கும் இடையில் ஓர் அங்குலம். 10 மில்லிமீற்றர் தண்டவாளம் போக 15 மில்லிமீற்றர் மிஞ்சும், சில்லின் விளிம்பு அதற்குள் ஓடுவதற்கு அது தாராளம். மூன்றாவது தண்டவாளத்தை எப்போது வேண்டுமானாலும் போடலாம்.

சீனக்குடா569:
நேர்ப் பாதையில் முடியும். பாதை பிரியும் இடத்தில் என்ன செய்வீர்கள்? குறுக்கே வெட்டும் இடத்தில் மூன்று தண்டவாளத்துக்கும் விளிம்பு போக வழி விட வேண்டும், அங்கே 15 மில்லிமீற்றர் பெரிய இடம் இல்லை. பிரியும் இடம் இல்லாமல் ஒரே சுற்றாக முதலில் போடுங்கள். ஒன்பதில் ஒன்று எனக்கு இன்னும் ஒப்பவில்லை, ஆனால் எம்2இன் வரைபடத்தை இரண்டு அளவிலும் வரைந்து இங்கே போடுகிறேன், பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

ஓர்ஸ்ஹில்_லேத்:
பனை கிடைத்தால் அடி மரத்தை எடுங்கள், நுனிப் பக்கம் சோறு, கறையான் ஏறிவிடும். உப்புக் காற்றுக்குத் திருகெல்லாம் நாகம் பூசியது வாங்குங்கள். சில்லுக்கு அச்சு வரைந்து அனுப்புங்கள், ஒரு நூல் வளையத்துக்கும் சேர்த்துச் சாவி வெட்டி வைக்கிறேன்.