பாஸ் ஆன தட்டு சேரல, ரிஜெக்ட் ஆன தட்டு சேருது: டிராயிங்ல என்ன மாத்தணும்?

கேட்டவர் (சூரமங்கலம், சேலம்):
வணக்கங்கண்ணா. ஜவ்வரிசி ஆலைக்கு கியர்பாக்ஸ் உட்காருற அடித்தட்டு செஞ்சு தர்றோம். நாலு துளை, எம்10 (10 மி.மீ.) போல்ட். அளவெல்லாம் மி.மீ. துளை விட்டம் 10.5 முதல் 10.7. துளையோட இடத்துக்கு ரெண்டு விளிம்புல இருந்தும் ±0.25 போட்டிருக்கு. கியர்பாக்ஸ் கால்லயும் அதே அளவு துளைதான். போல்ட் ரெண்டுலயும் நுழைஞ்சு அடியில நட் போடறாங்க.

ஒரு தட்டுல ஒரு துளை ஒரு பக்கம் 0.28, மறுபக்கம் 0.05 தள்ளியிருந்துச்சு. செக்கிங்ல ரிஜெக்ட். ஆனா போல்ட் சுலபமா இறங்குது. இன்னொரு தட்டுல 0.24, 0.23. அது பாஸ். ஆலைக்குப் போனப்புறம் அரம் போட்டு ராவித்தான் சேர்த்தாங்க. ±0.25ஐ இன்னும் இறுக்கணுமா, இல்ல பொசிஷன் டாலரன்ஸுக்கு (துளை மையம் விலகறதுக்கு வட்டமா எல்லை போடறது) மாறணுமா?

பதில் (சீலநாயக்கன்பட்டி):
இறுக்காதீங்க தம்பி, நல்ல ஜாப் இன்னும் நிறைய ஸ்கிராப்புக்குப் போயிடும். ரெண்டு திசையிலயும் ±0.25 குடுத்தா துளையோட மையம் 0.5க்கு 0.5 சதுரத்துக்குள்ள எங்க வேணா இருக்கலாம். மூலைக்குப் போனா இருக்கவேண்டிய இடத்துல இருந்து 0.35 விலகிடும். போல்ட் உருண்டை. எந்தப் பக்கம் விலகுச்சுன்னு அதுக்குக் கவலை இல்ல, எவ்வளவு தூரம்ங்கறதுதான் கணக்கு. அதனால எல்லையும் வட்டமா இருக்கணும்.

வட்டத்தோட அளவு: சின்னத் துளையில இருந்து பெரிய போல்ட்டைக் கழிங்க. 10.5 − 10 = 0.5. அப்ப பொசிஷன் ⌀0.5, பக்கத்துல வட்டத்துக்குள்ள எம். அந்த எம் இருந்தா, துளை 10.5ஐ விட எவ்வளவு பெருசோ அவ்வளவு சலுகை கூடக் கிடைக்கும்.

உங்க தட்டையே போட்டுப் பாருங்க. ரெண்டு விலகலையும் வர்க்கம் பண்ணிக் கூட்டி, வர்க்கமூலம் எடுத்து, ரெண்டால பெருக்கணும். ரிஜெக்ட் ஆனது 0.57, பாஸ் ஆனது 0.66. அந்தத் துளைங்க விட்டம் எவ்வளவு?

கேட்டவர்:
ரிஜெக்ட் ஆனது 10.62. பாஸ் ஆனது 10.52ங்கண்ணா.

பதில் (சீலநாயக்கன்பட்டி):
முதல் தட்டுக்கு 0.62 வரைக்கும் இடம் உண்டு, 0.57 தேறிடுச்சு. ரெண்டாவதுக்கு 0.52 தான், 0.66 தேறாது. ஆலையில நடந்ததும் அதேதான்.

பதில் (கொண்டலாம்பட்டி):
அண்ணன் கணக்கு சரி. அதோட விளிம்பையும் பாருங்க. கேஸ் கட்டிங் விளிம்புல இருந்து அளந்தா எந்த டாலரன்ஸும் நிக்காது. அடிப்பரப்பு ஏ, மில்லிங் பண்ணின நீள விளிம்பு பி, அகல விளிம்பு சின்னு டேட்டம் (அளவு எடுக்கற ஆதாரப் பரப்பு) குடுங்க. ±ல எந்த விளிம்பை முதல்ல ஒட்டணும்ங்கற தகவலே கிடையாது, ஆள் மாறினா ரீடிங் மாறும். கால்ல துளைக்குப் பதிலா மரை போட்டிருந்தா 0.5ஐ ரெண்டு பாகத்துக்கும் பிரிக்கணும், ஆளுக்கு 0.25.

அதுக்காக எல்லா அளவுக்கும் பொசிஷன் மாதிரி டாலரன்ஸ் கட்டம் போடாதீங்க. நீளம், அகலம், துளை விட்டம், கீவே அகலத்துக்கெல்லாம் ப்ளஸ் மைனஸ் தாராளமாப் போதும். கியர்பாக்ஸ் உட்காருற முகத்துக்கு மட்டும் ஃபிளாட்னஸ் (சமதளமா இருக்கறதுக்கான எல்லை) கட்டாயம் வேணும். ஐஎஸ்ஓ 8015 (டிராயிங்ல ஒவ்வொரு தேவையையும் தனித்தனியாப் பார்க்கணும்ங்கற விதி) படி போட்ட டிராயிங்ல தடிமனை எவ்வளவு இறுக்கினாலும் தட்டு வளைஞ்சிருக்கறதை அது பிடிக்காது.

கேட்டவர்:
எங்ககிட்ட சிஎம்எம் (புள்ளி புள்ளியா தொட்டு அளக்கற மெஷின்) இல்லைங்க. விஎம்சி (கம்ப்யூட்டர்ல ஓடற மில்லிங் மெஷின்) ஓட்டறவரும் ப்ளஸ் மைனஸ் இல்லாத அளவைப் பார்த்தா குழம்புவாரு.

பதில் (கொண்டலாம்பட்டி):
பொசிஷன் குடுத்தா துளையோட இடத்து அளவு ± இல்லாம ஒரு கட்டத்துக்குள்ள இருக்கும், அதை அப்படியே புரோகிராம்ல அடிக்கச் சொல்லுங்க, அவர் வேலை மாறாது. செக்கிங்குக்கு ஒரு கேஜ் பண்ணிக்கலாம். 10.5ல 0.5 போக 10. பி, சி விளிம்புக்கு ஸ்டாப்பர் வெச்ச பிளேட்டுல 10 மி.மீ. டவல் பின் (துல்லியமான உருளைக் கம்பி) நாலு. தட்டு ஸ்டாப்பர்ல ஒட்டி, பின்ல இறங்கி, அடி முழுசா உட்கார்ந்தா இடம் ஓகே. துளை விட்டத்தைத் தனியா கோ, நோகோ பிளக்ல (ஒரு முனை நுழையணும், மறுமுனை நுழையக் கூடாது) பாருங்க. ஒண்ணு ரெண்டு ஜாப்தான்னா கேஜுக்குச் செலவு பண்ண வேண்டாம், ஹைட் கேஜும் (உயரம் அளக்கற கருவி) அண்ணன் சொன்ன கணக்கும் போதும்.