கேசவானந்த பாரதி: எந்தத் தீர்ப்புரையை எடுத்துக்கொள்வது?

கேள்வி (எம்.எல். மாணவர்)
ஜனநாயகத்தில் நீதிமன்றத்தின் பங்கு பற்றி ஆய்வேடு எழுதுகிறேன். கேசவானந்த பாரதி வழக்கில் உச்ச நீதிமன்றம் தந்த 24.4.1973 தீர்ப்பில் 13 நீதிபதிகள், 11 தனித்தனித் தீர்ப்புரைகள். அடிப்படைக் கட்டமைப்பில் (நாடாளுமன்றம் திருத்தினாலும் அழிக்க முடியாத அரசமைப்பின் அடிப்படை அம்சங்கள்) எவையெல்லாம் சேரும் என்று ஆளுக்கொரு பட்டியல். இதில் எது சட்டம்?

பதில் 1
பட்டியலை ஒதுக்கிவிட்டு எண்ணிக்கையைப் பாருங்க. நாடாளுமன்றத்தின் திருத்த அதிகாரத்துக்கு உள்ளார்ந்த வரம்பு உண்டு என்றவர்கள் ஆறு பேர், இல்லை என்றவர்கள் ஆறு பேர். நடுவில் நீதிபதி எச்.ஆர். கன்னா. உள்ளார்ந்த வரம்பு என்ற வாதத்தை அவர் ஏற்கவில்லை. அரசமைப்பைத் திருத்தும் அதிகாரம் தரும் பிரிவு 368-இல் வரும் 'திருத்தம்' என்ற சொல்லுக்கே பொருள் கண்டார்: திருத்திய பிறகும் பழைய அரசமைப்பு அடையாளம் மாறாமல் மிஞ்ச வேண்டும். 7-6 வந்தது இப்படித்தான். அதனால் முதலில் கன்னாவைப் படியுங்க.

பலரும் சறுக்கும் இடம், கடைசியில் உள்ள 'பெரும்பான்மைக் கருத்து' சுருக்கம். அதில் 9 பேர் கையெழுத்திட்டார்கள். ரே, மாத்யூ, பெக், திவிவேதி இடவில்லை. ஆனால் வரம்பே இல்லை என்ற பாலேகரும் சந்திரசூட்டும் இட்டிருக்கிறார்கள். ஆகவே 9-4 என்று எழுதிவிடாதீங்க.

சொத்துரிமை அடிப்படைக் கட்டமைப்பில் சேராது என்று கன்னா சொன்னதை, எந்த அடிப்படை உரிமையுமே சேராது என்று சிலர் படித்தார்கள். 1975 இந்திரா காந்தி தேர்தல் வழக்கில் அவரே அதை மறுத்துவிட்டார். இரண்டையும் சேர்த்தே மேற்கோள் காட்டுங்க.

பதில் 2
வேரையும் தொடுங்க. ஜெர்மன் சட்ட அறிஞர் டீட்ரிச் கொன்ராட் 1965 பிப்ரவரியில் பனாரஸ் இந்துப் பல்கலைக்கழகத்தில் திருத்த அதிகாரத்துக்கு வரம்பு உண்டா என்ற இதே கேள்வியை எழுப்பிப் பேசினார். ஹிட்லருக்கு முந்தைய ஜெர்மனியின் வெய்மார் அரசமைப்பு உள்ளிருந்தே குலைந்ததைப் பார்த்த நாட்டிலிருந்து வந்த வாதம் அது. 1967 கோலக்நாத் வழக்கில் வழக்கறிஞர் எம்.கே. நம்பியார் அதை நீதிமன்றத்தில் வைத்தார்.

தமிழ்நாட்டு வழக்கு வேண்டுமென்றால் 2007 கோயலோ வழக்கு. கூடலூர் ஜன்மம் எஸ்டேட் ஒழிப்புச் சட்டத்தை ஒன்பதாவது அட்டவணையில் (அடிப்படை உரிமைகளை மீறுகிறது என்ற வழக்கிலிருந்து சட்டங்களைக் காக்கும் அரசமைப்புப் பட்டியல்) சேர்த்ததிலிருந்து கிளம்பியது. 24.4.1973-க்குப் பிறகு அட்டவணைக்குள் போன சட்டங்களை, 14, 19, 21 பிரிவுகளின் (சமத்துவம், பேச்சு முதலிய சுதந்திரங்கள், உயிர்வாழும் உரிமை) சாரம் கெடுகிறதா என்று நீதிமன்றம் சோதிக்கலாம் என்று 9 நீதிபதிகள் ஒருமனதாகச் சொன்னார்கள்.

பதில் 3
ஒரு எச்சரிக்கை. அடிப்படைக் கட்டமைப்புக் கோட்பாடு அரசமைப்புத் திருத்தங்களுக்கான உரைகல். சாதாரணச் சட்டத்தை இதை மட்டும் வைத்து வீழ்த்த முடியாது. உத்தரப் பிரதேச மதரசா சட்டம் மதச்சார்பின்மைக்கு விரோதம் என்று அலகாபாத் உயர் நீதிமன்றம் ரத்து செய்ததை 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் ஏற்காததற்கு இதுவும் காரணம். சட்டமியற்றும் அதிகாரம் இல்லை என்றோ, அரசமைப்பின் இன்ன பிரிவை மீறுகிறது என்றோ காட்டியாக வேண்டும்.