புது அலமாரி போட்ட பெட்ரூமில் கண் எரிச்சல், சுவரைச் சுரண்டலாமா? (அவசரம்)

திருநகர்வாசி:
எல்லாருக்கும் வணக்கம். வீட்டில் இன்டீரியர் வேலை முடிந்து மூன்று வாரம் ஆகிறது. பெட்ரூமுக்குள் போனாலே கண் எரிகிறது, தொண்டை கரகரக்கிறது, மகளுக்கு ராத்திரி முழுக்க இருமல். பெயின்ட் வாசனைதான், போகப் போகச் சரியாகிவிடும் என்று காண்ட்ராக்டர் சொல்கிறார். குறைந்த மாதிரியே தெரியவில்லை. மொத்தமாகச் சுரண்டி எடுத்துவிட்டு இயற்கை பெயின்ட் அடிக்கலாமா, எது நல்லது? நாளை மறுநாள் பெயின்டரை வரச் சொல்லியிருக்கிறேன், சீக்கிரம் சொல்லுங்கள்.

கூடல்நகர் அக்கா:
தம்பி, முதலில் குழந்தையை அந்த ரூமில் படுக்க வைக்காதீர்கள். ஹாலில் படுக்கட்டும். வயது என்ன? வீசிங் இருக்கிறதா? டாக்டரிடம் காட்டினீர்களா?

மாடக்குளத்தான்:
என்ன பெயின்ட்? அலமாரி எந்தப் பலகை? ஏசி உண்டா? ஜன்னல் எத்தனை? இதெல்லாம் சொல்லாமல் யாராலும் எதுவும் சொல்ல முடியாது.

சுண்ணாம்பு நேசன்:
சுரண்டுங்கள், கட்டாயம் சுரண்டுங்கள். பட்டி (சுவரைச் சமப்படுத்தப் பூசும் பசை) பார்த்து எமல்ஷன் அடித்த சுவர் மூச்சு விடாது. கிளிஞ்சல் சுண்ணாம்பை நன்றாகப் புளிக்க வைத்து மூன்று கை அடித்துப் பாருங்கள். பூஞ்சை வராது, அறை குளிர்ச்சியாக இருக்கும். திருமலை நாயக்கர் மகால் 1636இல் கட்டியது, அங்கே போய் நின்று பாருங்கள், சித்திரை வெயிலிலும் உள்ளே எப்படி இருக்கிறது என்று. சுண்ணாம்புச் சுதை, அதுதான் காரணம்.

ஒத்தக்கடை:
மருள் செடி நான்கு வாங்கி வையுங்கள், காற்றிலுள்ள விஷத்தை எல்லாம் இழுத்துவிடும், நாசாவே சொல்லியிருக்கிறது. சாயங்காலம் சாம்பிராணியும் போடுங்கள்.

பழைய மேஸ்திரி:
இதே கேள்விக்கு இங்கே பலமுறை பதில் எழுதியாகிவிட்டது. தேடிப் படிக்கும் பழக்கம் யாருக்கும் இல்லை. பலகை பெயரைக்கூடச் சொல்லாமல் கேட்கிறவருக்குச் செடியும் சாம்பிராணியும் சிபாரிசு செய்கிறீர்கள். நாசா 1989இல் பார்த்தது மூடி வைத்த சின்னப் பெட்டிக்குள். காற்று போய் வருகிற ரூமில் நான்கு தொட்டியால் ஒன்றும் ஆகாது. இருமுகிற பிள்ளை இருக்கிற வீட்டில் புகை போடச் சொல்வது அதைவிடத் தவறு.

ஒத்தக்கடை:
நல்லது நினைத்துத்தான் சொன்னேன் சார். எங்கள் வீட்டில் பாட்டி காலத்திலிருந்து சாம்பிராணி போடுகிறோம்.

கூடல்நகர் அக்கா:
சாமிக்குப் போடுவது வேறு தம்பி. இந்த நேரத்தில் அந்தப் பிள்ளைக்கு வேண்டாம்.

திருநகர்வாசி:
மன்னிக்கவும், ஆபீசில் இருந்தேன். மகளுக்கு 4 வயது, முன்பு வீசிங் இருந்ததில்லை. ஏசி உண்டு, வெயிலுக்கு ஜன்னலைத் திறப்பதே இல்லை. அப்பா 1993இல் கட்டிய வீடு, பெட்ரூமும் ஹாலும் ஒரே எமல்ஷன்தான். ஹாலில் எந்தத் தொந்தரவும் இல்லை.

மாடக்குளத்தான்:
பதில் நீங்கள் எழுதியதிலேயே இருக்கிறது. ஹாலிலும் அதே பெயின்ட், அங்கே எரியவில்லை என்றால் சுவர் மேல் குற்றம் இல்லை. ஹாலில் இல்லாமல் பெட்ரூமில் மட்டும் புதிதாக இருப்பது அலமாரி. என்ன பலகை என்று இன்னும் சொல்லவில்லை!

என் அனுமானம், பார்ட்டிகிள் போர்டு அல்லது எம்.டி.எஃப். மரத்தூளையோ மரநாரையோ யூரியா ஃபார்மால்டிஹைடு பசை போட்டு அழுத்திச் செய்வது. பெயின்ட் வாசனை சில நாளில், மிஞ்சினால் சில வாரத்தில் அடங்கும். இந்தப் பசையிலிருந்து மாதக்கணக்கில், சில பலகைகளில் வருடக்கணக்கில் ஃபார்மால்டிஹைடு வாயு கசியும். சூடும் ஈரமும் கூடினால் கசிவும் கூடும். பகலெல்லாம் பூட்டிக் கிடந்து வெந்த ரூமை மதுரை வெயிலில் சாயங்காலம் திறந்தால் எப்படி இருக்கும்? ஸ்பிளிட் ஏசி வெளிக்காற்றை உள்ளே கொண்டுவராது, உள்ளே இருப்பதையே சுற்றிச் சுற்றிக் குளிர வைக்கும். ஃபார்மால்டிஹைடு புற்றுநோய் உண்டாக்கக்கூடியது என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை 2004இலேயே முடிவு செய்துவிட்டது. பயமுறுத்த இதைச் சொல்லவில்லை, "போகப் போகச் சரியாகும்" என்ற பேச்சை நம்பி உட்கார்ந்திருக்க வேண்டாம் என்பதற்காக.

பழைய மேஸ்திரி:
இது சரி. இன்னொன்று, 1993 வீடு என்றால் கதவு ஜன்னலில் பழைய எனாமல் பெயின்ட் இருக்கும், அதில் ஈயம் இருக்க வாய்ப்பு அதிகம். வீட்டுப் பெயின்டில் ஈயம் 90 பி.பி.எம். (பத்து லட்சத்தில் 90 பங்கு) தாண்டக் கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. உப்புத்தாள் போட்டுக் காயத் தேய்த்தால் அந்தத் தூசு குழந்தை வாய்க்குப் போகும். பெயின்டரை வர வேண்டாம் என்று சொல்லுங்கள்.

சுண்ணாம்பு நேசன்:
அப்படியென்றால் சுண்ணாம்பு வேண்டாம் என்கிறீர்களா? காரைக்குடிப் பக்கம் வீடுகளைப் பாருங்கள், முட்டை வெள்ளை சேர்த்துப் பூசிய சுவர் இன்றும் கண்ணாடி மாதிரி இருக்கிறது.

பழைய மேஸ்திரி:
சுண்ணாம்பை யார் குறை சொன்னது, நானே அடித்து வளர்ந்தவன். ஆனால் எமல்ஷன் மேல் அடித்தால் பிடிக்காது, உரிந்து விழும். சிமென்ட் பூச்சு தெரியும்வரை உரித்தெடுக்க வேண்டும். மகால் குளிர்ச்சிக்குச் சுதை மட்டும் காரணம் இல்லை, சுவர் கனத்தையும் உயரத்தையும் நடுவில் வானம் பார்த்த முற்றத்தையும் விட்டுவிட்டீர்கள்.

சுண்ணாம்பு நேசன்:
முற்றம் உண்டு, ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் புது வீடு கட்டுகிறவர்களாவது பட்டியை விட்டுச் சுண்ணாம்புக்குத் திரும்ப வேண்டும் என்பேன். தனி இழை போடுகிறேன்.

திருநகர்வாசி:
ஆசாரியிடம் கேட்டேன். ப்ரீலேம் (முன்பே லேமினேட் ஒட்டி வரும்) பார்ட்டிகிள் போர்டுதானாம். முன்பக்க ஓரத்துக்கு மட்டும் எட்ஜ் பேண்ட் (ஓரத்தை மூடும் பட்டை), லாஃப்ட் உள்பக்கமும் தட்டுகளின் பின் ஓரமும் வெட்டியபடியே இருக்கின்றன. முதுகுப் பலகை எம்.டி.எஃப்., ஒன்றும் ஒட்டவில்லை. மொத்தமாகத் தூக்கிப் போட வேண்டுமா? நிறையச் செலவு செய்துவிட்டோம்.

மாடக்குளத்தான்:
உடனே தூக்க வேண்டாம். தட்டு, இழுப்பறை எல்லாவற்றையும் கழற்றி மாடியில் நிழலில் காற்றாட வையுங்கள். வெட்டிய ஓரம் ஒன்றுவிடாமல் எட்ஜ் பேண்ட், திருகுத் துளைக்கு மூடி. முதுகுப் பலகையை எடுத்துவிட்டு, பி.டபிள்யூ.பி. பிளைவுட் (கொதிநீர் தாங்கும் ரகம், ஐ.எஸ். 710) போட்டு இரண்டு பக்கமும் லேமினேட் ஒட்டச் சொல்லுங்கள். அதில் ஃபீனால் பசை, கசிவு மிகக் குறைவு. இனி பலகை வாங்கினால் இ0 அல்லது இ1 முத்திரை (ஃபார்மால்டிஹைடு கசிவு குறைந்த ரகம்) பார்த்து வாங்குங்கள். ஜன்னலுக்கு எதிர்ப்பக்கம் எக்ஸாஸ்ட் ஃபேன் ஒன்று, காலை 5 முதல் 8 வரை எல்லாம் திறந்திருக்கட்டும். வாயு இழுக்கும் என்று கரித்துண்டுப் பை விற்பார்கள், சாதாரணக் கரியில் ஃபார்மால்டிஹைடு சரியாகத் தங்காது, காசை வீணாக்காதீர்கள்.

ஒத்தக்கடை:
எங்கள் தங்கை கல்யாணத்துக்கு இதே போர்டில்தான் பீரோ செய்யக் கொடுத்திருக்கிறோம். நாளைக்கே போய் முதுகுப்பக்கம் என்ன போடுகிறார்கள் என்று கேட்கிறேன்.

கூடல்நகர் அக்கா:
திருநகர் தம்பி, பிள்ளைக்கு எப்படி இருக்கிறது? பத்து நாளாகச் சத்தமே இல்லையே.

திருநகர்வாசி:
ஹாலில் படுக்க வைத்து நான்காம் நாளே இருமல் நின்றுவிட்டது அக்கா, டாக்டரும் நெஞ்சு சுத்தமாக இருக்கிறது என்றார். முதுகுப் பலகை மாற்றியாயிற்று, ஓரம் பாதி முடிந்திருக்கிறது. கண் எரிச்சல் நன்றாகக் குறைந்திருக்கிறது, மத்தியானம் மூடி வைத்தால் மட்டும் லேசாகத் தெரிகிறது. பெயின்டரை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். எல்லாருக்கும் நன்றி, எக்ஸாஸ்ட் மாட்ட ஆள் வந்திருக்கிறார், அப்புறம் வருகிறேன்.